ஒரு வேலி நிலம், அவளுக்கு ஒரு குழி கூட இல்லை

வணக்கம். 1930 வாக்கில், தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். மூன்று பிள்ளைகள், கடைசிக் குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு வேலி நன்செய் (வேலி என்பது பழைய நில அளவு, சுமார் ஆறரை ஏக்கர்; குழி என்பது அதில் மிகச் சின்னத் துண்டு) இருக்கிறது, பங்கு பிரிக்காத சொத்து. அதில் இந்தத் தாய்க்கு எவ்வளவு?

ஒரு குழி கூட இல்லை.

(திரையில்: வயல் வரைபடம், பங்குகள் வண்ணத்தில்)

புருஷனுடைய பங்கு அவருடைய ஆண்பிள்ளைகளுக்கும், கூட்டுக் குடும்பத்தில் மிச்சமிருக்கிற ஆண்களுக்கும் போய்விடும். அவளுக்குச் சோறு, துணி, இருக்க இடம், அவ்வளவுதான், அதற்குப் பேர் ஜீவனாம்சம். நெல் குதிரின் சாவி மூத்தாரிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம் இருக்கும். மைனர் பையனுக்காகப் பாகப்பிரிவினை வழக்கு போட வழி இருந்தது, ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கக் காசும் வாசற்படி தாண்டத் துணையும் இல்லாதவள் முன்சீப் கோர்ட்டுக்கு எப்படிப் போவாள்?

சரி, பங்கு பிரிந்த குடும்பம், ஆண்பிள்ளை இல்லை என்றால்? அப்போது நிலம் அவளுக்கு வரும், ஆனால் ஆயுள் வரைக்கும்தான். குடும்பத்துக்கு அவசியமான செலவு என்று காட்டினால்தான் விற்கலாம். மகள் கல்யாணத்துக்கு விற்றாலும், அவள் காலத்துக்கப்புறம் பங்காளிகள் வந்து வில்லங்கம் பண்ணுவார்கள் என்ற பயத்தில் வாங்குகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். எனக்கு இதில்தான் அதிகக் கோபம் வருகிறது.

மறுமணம்? 1856-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதே சட்டம் மறுமணம் செய்தால் முதல் புருஷன் சொத்தில் உள்ள உரிமை போய்விடும் என்றது, பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தங்களுக்குத் தரச் சொல்லி அவருடைய சொந்தக்காரர்கள் கோர்ட்டில் கேட்கவும் வழி வைத்தது. அறுத்துக் கட்டும், அதாவது தாலி அறுத்தவள் மறுபடி தாலி கட்டிக்கொள்ளும் வழக்கம் உள்ள சாதிகளில் மறுமணம் நடந்தது. அக்ரகாரத்தில் தலையை மழித்து, யார் வீட்டு அடுப்படியிலோ காலம் போயிற்று.

நிலமே இல்லாத பண்ணையாள் வீட்டில் கதை வேறு. அங்கே அவள் புருஷன் இருந்தபோதும் நடவு நட்டாள், போனபிறகும் நட்டாள். கூலி நெல்லாக வரும். ஆனால் நடவு முடிந்து தை அறுவடை வரும் வரை வயலில் வேலை குறைவு, அடுப்பும் சில நாள் எரியாது. பையன் ஆண்டை வீட்டு மாடு மேய்க்கப் போவான், அப்பன் வாங்கிய கடனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வீடும் இந்தக் காவிரி டெல்டாவில்தான் இருந்தது. கும்பகோணம். கணவரை இழந்த சத்தியபாமா அம்மையார் இரண்டு பையன்களோடு இங்கே வந்து சேர்ந்தார். பையன்கள் ஆனையடிப் பள்ளியில் படித்தார்கள், பிறகு வறுமை தாங்காமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனிக்குப் போனார்கள். இளையவர்தான் எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தால் பையனுக்குச் சாப்பாடு உறுதி. ஒரு தாய் சின்னப் பிள்ளையைத் தன் மடியிலிருந்து அனுப்பி வைக்க அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது, அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

(திரையில்: 1937, 1941, 1947, 1956)

1937-ல் ஒரு சட்டம் வந்தது, விதவைக்கும் மகனுக்குச் சமமான பங்கு. நல்ல செய்திதானே? 1941-ல், இப்போதைய உச்ச நீதிமன்றத்துக்கு முன்பு இருந்த ஃபெடரல் கோர்ட், இது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. டெல்டாவில் சொத்து என்றாலே வயல்தான்! சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் நீட்டிச் சட்டம் போட்டது 1947-ல். அதுவும் ஆயுள் உரிமைதான், அவசியமான செலவு என்று காட்டாமல் விற்க முடியாது.

1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆம் பிரிவு, அன்றைக்கு உயிரோடு இருந்து நிலத்தைக் கையில் வைத்திருந்த பெண்களின் ஆயுள் உரிமையை முழு உரிமையாக மாற்றியது. ஜீவனாம்சத்துக்காக விட்ட நிலமும் இதில் சேரும் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் துளசம்மா வழக்கில் சொன்னது. உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் பாட்டி பேருக்குப் பக்கத்தில் 'ஜீவனாம்சம்', 'ஆயுள் பாத்தியம்' என்று இருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.