எண்ணெய் டின்னில் இரண்டு கைகள்

(கோவையில் தவக்காலக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

நான் கருமத்தம்பட்டிப் பக்கத்துக்காரன். அறுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அண்டா வைத்துப் பால்பவுடர் கரைப்பார்கள். எவ்வளவு கிளறினாலும் கட்டிகட்டியாய் மிதக்கும். அந்தக் கட்டிக்குத்தான் எங்களுக்குள் சண்டை. பக்கத்திலேயே எண்ணெய் டின்கள் அடுக்கியிருக்கும். டின்மேல் இரண்டு கைகள் பற்றிக்கொள்கிற படம். காலி டின் ஒன்றை எங்கள் அமுச்சி வாங்கி வந்து ராகி கொட்டி வைத்திருந்தார். "சாமியார் குடுத்த டப்பா கண்ணு" என்றுதான் கடைசிவரை சொன்னார்.

அது பாதி உண்மைங்க. கொண்டுவந்து சேர்த்தது திருச்சபை. அமெரிக்க ஆயர்கள் 1943-ல் தொடங்கிய சி.ஆர்.எஸ். என்ற கத்தோலிக்க நிவாரண அமைப்பு போன்ற நிறுவனங்கள். சரக்கு அமெரிக்க அரசாங்கத்தினுடையது. 1954-ல் போட்ட பி.எல்.480 என்ற உணவு உதவிச் சட்டப்படி வந்தது. அவர்களிடம் மிஞ்சிக் கிடந்த தானியம்தான், அரசியல் கணக்கும் அதில் இருந்தது. இருந்தும் எங்கள் வயிறு நிறைந்தது.

"உண்டியல் வைத்து உதவுகிறோமே, சபை எதற்கு அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் தாது வருசத்தைச் சொல்வேன். 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்கள் பட்ட பாடு நம் வீடுகளில் இன்றும் பேச்சில் இருக்கிறது. அதற்கு மூன்று வருசம் முன்னால் பீகாரில் மழை பொய்த்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று மேலிடம் கடிந்துகொண்டது. 1877-ல் அதே மனிதரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இந்த முறை அவர் சிக்கனக்காரராக வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அரைக்கிலோகூட வராது, கூடவே கொஞ்சம் சில்லறை என்று குறைத்தார். இது ஆளைக் கொல்லும் அளவு என்று மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்து எழுதினார். லண்டனில் மக்கள் நிதி திரட்டி அனுப்பத்தான் செய்தார்கள். ஆனாலும் பஞ்சம் முடிவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

ஒரே அதிகாரி, ஒரே அரசாங்கம். கஜானா திறந்திருந்த இடத்தில் உயிர் நின்றது, மூடிய இடத்தில் போனது.

இதனால்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் 1964-ல் பம்பாய்க்கு வந்தபோது, ஆயுதச் செலவில் ஒரு பங்கை ஏழைகளுக்கான உலக நிதிக்கு ஒதுக்குங்கள் என்று நாடுகளைக் கேட்டார். 1967-ல் திருச்சபை முழுமைக்கும் எழுதிய சுற்றுமடலிலும் அதையே எழுதினார். ஏழைக்குக் கொடுப்பது உன் பொருள் அல்ல, அவனுடையதைத்தான் திருப்பித் தருகிறாய் என்ற பழங்காலத்து ஆயர் புனித அம்புரோசின் சொல்லையும் அதில் எடுத்துக்காட்டினார்.

பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கு கொடுக்க வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. தீர்மானித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதை எட்டின. பிரிட்டன் 2013-ல் எட்டியது, 2021-ல் 0.5-க்கு இறங்கியது, 2027-க்குள் 0.3 ஆக்கப் போவதாக 2025-ல் அறிவித்தது. அமெரிக்கா ஒரு படி மேலே போய், டின்னில் கைகளைப் பதித்த யு.எஸ்.எய்ட் என்ற தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையில் மூடிவிட்டது. அங்கே வெளிநாட்டு உதவி பட்ஜெட்டில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. சி.ஆர்.எஸ்ஸின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி யு.எஸ்.எய்ட் வழியாக வந்தது. அமெரிக்க ஆயர்கள் இந்த வெட்டை எதிர்த்துப் பேசினார்கள். அவர்கள் பேசியது முழுக்கச் சரி என்று நான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைத் தட்டு அந்தப் பள்ளத்தை நிரப்பாதுங்க.

நாம் வாங்கித் தின்ற ஊர். இன்று நம்மாலும் கொடுக்க முடியும். 2022-ல் இலங்கை தவித்தபோது தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் ஒதுக்கியது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பியது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வந்தது.

ஏழை நாடுகளுக்கான உதவியை மத்திய பட்ஜெட்டில் கூட்டச் சொல்லி நம் எம்.பி.க்கு எழுதிய மனு வாசலோர மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க.