நிறம் எங்கே வெளிறியது, குரல் எங்கே விலகியது

வணக்கம் நேயர்களே.

தொண்டி முதல் மூக்கையூர் வரை நம் கரையில் கேமரா நுழையாத தெரு இல்லை. வலை இழுப்பதையும் கரைக்கு வந்த மீனை ஏலம் விடுவதையும் கைப்பேசியில் எடுத்து யூடியூபில் போடும் மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடு, ஏர்வாடிச் சந்தனக்கூடு, தேவாலயத் திருவிழா என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் வீடியோக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "எடிட் செய்யும்போது நன்றாகத்தான் இருந்தது அண்ணே. எக்ஸ்போர்ட் செய்த பிறகு நிறம் வெளிறிவிட்டது. பேச்சும் வாயசைவும் ஒட்டவில்லை." எடிட் செய்ததை ஒரே வீடியோ கோப்பாக எழுதி வெளியே எடுப்பதைத்தான் எக்ஸ்போர்ட் என்கிறோம்.

குறையைவிட, அதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம்தான் எனக்குக் கவலை தருகிறது. வெளிறிய படத்தைப் பார்த்ததும், கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் டைம்லைனுக்குத் திரும்பிப் போய் நிறத்தைக் கூட்டுகிறார்கள், கறுப்பை அழுத்துகிறார்கள், மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்கிறார்கள். அந்த ஒரு கணினியில் சரியாகத் தெரிகிறது. கீழக்கரையிலிருந்து துபாய்க்குப் போன மாமா தம் கைப்பேசியில் திறந்து பார்த்தால், மணப்பெண்ணின் முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. கோளாறு எங்கே என்று தெரியாமல் நிறத்தில் கைவைக்கக் கூடாது. இன்று நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. எக்ஸ்போர்ட் ஆன கோப்பை அதே எடிட்டிங் மென்பொருளுக்குள் மறுபடியும் கொண்டுவாருங்கள். பழைய டைம்லைனின் மேல் தடத்தில், அதே இடத்தில் பொருத்தி வையுங்கள். மேல் தடத்தை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் உங்கள் கோப்பு சரியாக இருக்கிறது. அதைத் திறந்து காட்டும் பிளேயரோ திரையோதான் வேறு மாதிரி காட்டுகிறது. இரண்டும் வேறுபட்டால் எக்ஸ்போர்ட் அமைப்பில் கோளாறு. இதைச் செய்யாமல் யார் வந்தாலும் நான் அடுத்த பேச்சுக்குப் போவதில்லை.

கோப்பு சரி, பிளேயர்தான் மாற்றிக் காட்டுகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு வீடியோ கோப்புக்குள்ளும் அதன் நிறத்தை எந்தக் கணக்கில் படிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கும். மீன் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு போன்றது அது. உள்ளே இருப்பது வஞ்சிரமாகவே இருந்தாலும், சீட்டில் சூடை என்று எழுதியிருந்தால் சந்தையில் சூடை விலைதான் கிடைக்கும். சாதாரண எச்.டி. வீடியோவுக்கான நிறக் கணக்கு ரெக் 709. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் வகுத்தது. அந்தக் குறிப்பு கோப்பில் இல்லாவிட்டால் பிளேயர் தானாக ஊகித்துக்கொள்ளும். பழைய டேப்பிலிருந்து மாற்றிய 720க்கு 576 அளவுக் கல்யாணப் படங்களுக்கு ரெக் 601 என்ற பழைய கணக்கு உண்டு. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் சிவப்பும் பச்சையும் சற்றுத் தடம் மாறும். கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து தெரிவதற்கு இது ஒரு காரணம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் இந்தக் குறிப்பை ஒரே நிமிடத்தில் படித்துவிடலாம்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மேக்கின் சொந்தப் பிளேயரான குயிக்டைமில் பார்த்தால் படம் வெளிறியும் விஎல்சியில் பார்த்தால் அழுத்தமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே கோப்புதான். ரெக் 709 குறிப்பைப் பார்த்ததும் மேக் தன் சொந்த ஒளிக் கணக்கில் நடுத்தர ஒளியைச் சற்று உயர்த்திக் காட்டுகிறது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இதற்கென்றே ரெக் 709-ஏ என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வீட்டில் டிவியும் இருக்கும்போது, ஒரு பிளேயருக்காக முழு வேலையையும் வளைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது கோப்பே மாறிவிட்ட நிலைக்கு வருவோம். கறுப்பு சாம்பலாகத் தெரிந்து, படத்தின் மேல் மெல்லிய பனி படர்ந்த தோற்றம் இருந்தால் முதலில் லெவல்ஸ் அமைப்பைப் பாருங்கள். வீடியோவில் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் வைக்கும் முறை ஒன்று, 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்தும் முறை இன்னொன்று. முதல் முறையில் எழுதியதை இரண்டாம் முறையில் படித்தால் கறுப்பு வெளிறும். திருப்பிப் படித்தால் நிழல்கள் அடைத்துக்கொள்ளும், வெள்ளை மணல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போர்ட் பக்கத்தில் இதை ஆட்டோ அல்லது வீடியோ என்றே விட்டுவிடுவது நல்லது. ஃபுல் என்ற சொல் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக அதைத் தொட வேண்டாம்.

நம் ஊரில் நான் இன்று அதிகம் காண்பது மூன்றாவது காரணம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்று நாம் சொல்வோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் இரைந்துகொண்டிருக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். இரண்டு நீரின் நிறமும் வேறு. அந்த வேறுபாட்டைப் படம் பிடிக்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். எக்ஸ்போர்ட் ஆன படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகவோ, அல்லது நுரையும் மணலும் கரைந்து வெள்ளைத் திட்டாகவோ வந்தால், வெளிச்சத்தையும் நிழலையும் வழக்கத்தைவிட அகன்ற அளவில் பதியும் எச்.டி.ஆர். முறையில் கைப்பேசி படம் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் 12 வந்ததிலிருந்து பல கைப்பேசிகள் கேட்காமலேயே அப்படித்தான் எடுக்கின்றன. எச்.டி.ஆர். படத்தை ரெக் 709 டைம்லைனில் அப்படியே போட்டால், ஒரு மென்பொருளில் வெளிறும், இன்னொன்றில் கண் கூசும். மென்பொருளின் கலர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், கிளிப்பின் உண்மையான நிறக் கணக்கைச் சொல்லி, அதை ரெக் 709க்குள் இறக்கச் சொல்ல வேண்டும். டோன் மேப்பிங் என்பது இதுதான். யூடியூபுக்கு மட்டும் படம் எடுப்பவர்கள் இன்னும் சுலபமாக, கைப்பேசியின் கேமரா அமைப்பிலேயே எச்.டி.ஆரை அணைத்துவிடலாம். வெயில் ஏறிய மணலில் அதனால் கொஞ்சம் விவரம் குறையும். ஆனாலும் நாளும் ஒரு வீடியோ போடுபவருக்கு அந்த நிம்மதி பெரிது.

விடியற்காலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது எட்டு பிட் வீடியோவின் குறை. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் அதில் உண்டு. பத்து பிட்டில் 1024. எடுத்த படம் எட்டு பிட் என்றால், பொடி மணல் தூவியது போலப் புள்ளிகள் சேர்க்கும் கிரெய்னை மிக மெல்லிதாகச் சேர்த்தால் கோடுகள் மறையும். தலைப்பு எழுத்துகளைக் கருஞ்சிவப்பில் வைக்காதீர்கள். நிற விவரம் ஒளி விவரத்தில் கால் பங்குதான் சேமிக்கப்படுகிறது என்பதால் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கும்.

சரி, ஒலிக்கு வருகிறேன். வானொலியில் பேசும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, இதில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். படம் சற்று வெளிறினாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும்.

பேச்சும் வாயும் ஒட்டாவிட்டால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகலா, அல்லது தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறதா? ஒரே அளவு என்றால், புளூடூத் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி வைத்த ஹெட்போனில் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் புளூடூத்தில் ஒலி தாமதமாகத்தான் காதுக்கு வரும். போகப் போக விலகினால் கைப்பேசியின் மாறும் பிரேம் வேகம்தான் முதல் சந்தேகம். நொடிக்கு 30 படம் என்று எழுதியிருந்தாலும், வெளிச்சம் குறைந்த இடத்தில், சூடேறிய நேரத்தில், கைப்பேசி 28, 29 என்று இறங்கி ஏறும். ஒலியோ சீராக ஓடிக்கொண்டிருக்கும். எடிட்டிங் மென்பொருள் எல்லாப் பிரேமும் ஒரே இடைவெளி என்று நம்பிக் கணக்குப் போட்டால் விலகல் சேர்ந்துகொண்டே போகும். எடிட் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் கிளிப்பைக் கொடுத்து, கான்ஸ்டன்ட் என்ற நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எடிட் முடிந்த பிறகு மாற்றினால் வெட்டிய இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

பிரேம் வேகத்திலேயே 30க்கும் 29.97க்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடி. தாலி கட்டும் நேரத்துக்கும் கெட்டிமேளத்துக்கும் இடையில் 3.6 நொடி என்றால் பெண் வீட்டார் விடுவார்களா? ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற சாம்பிள் ரேட்டிலும் இதே கதை. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், பாட்டு சிடிக்கு 44.1. தனி ரெக்கார்டரில் 44.1இல் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் ஒரு மணி நேரப் பேச்சு ஐந்து நிமிடம் முன்னதாகவே முடியும், குரலும் கீச்சென்று உயரும். குரல் உயர்ந்தால் சாம்பிள் ரேட். குரல் மாறாமல் மெதுவாக விலகினால் பிரேம் வேகம், அல்லது இரண்டு கருவிகளின் கடிகாரம். காதே சொல்லிவிடும்.

இப்போது, பலரைத் திணற வைக்கும் ஒன்று. பாம்பன் பக்கம் ஒரு கூட்டத்தில் கடல்பாசி எடுக்கும் அம்மா ஒருவர் மேடையில் பேசினார். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பறிப்பது எப்படி, எந்த மாதத்தில் எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்றெல்லாம் அவர் சொன்னதை ஒரு தம்பி வீடியோவில் பதிந்திருந்தார். ஒலியை மேடை மிக்ஸரிலிருந்தே நேராக எடுத்தார். பின்னணிக்கு மெல்லிய இசை சேர்த்தார். ஹெட்போனில் எல்லாம் நன்றாகக் கேட்டது. எக்ஸ்போர்ட் செய்து அந்த அம்மாவிடமே கைப்பேசியைக் கொடுத்தபோது இசை மட்டும் ஓடியது. வாய் அசைந்தது, குரல் இல்லை. எக்ஸ்போர்ட் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அதே நிலை.

மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று நேர் எதிர்த் திசையில் வருகிறது. நீண்ட கேபிளில் இரைச்சலைக் களைவதற்கான நல்ல ஏற்பாடு அது. அதைப் பொருந்தாத கேபிள் மூலம் கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினால் இடது பக்கத்துக்கு ஒரு கம்பியும் வலது பக்கத்துக்கு எதிர்க் கம்பியும் போகும். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் குரல் கேட்கும், தலைக்குள் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் பரவியது போல இருக்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியில் ஒரே ஸ்பீக்கர்தான் இருக்கும் என்றால், அதிலும் அந்தக் குரல் வராது.

தீர்வு எளிது. டைம்லைனில் அந்த ஒலியின் வலது பக்கத்தை நீக்கி, இடது பக்கத்தையே இரண்டுக்கும் நிரப்புங்கள். குரல் முழுசாகத் திரும்பிவிடும். அந்த அம்மாவின் குரலும் அப்படித்தான் திரும்பி வந்தது. பாசி பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரங்கள் அவர் பேச்சில் இருக்கின்றன. கேபிள் ஒன்றால் அது கேட்காமல் போயிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு! மிக்ஸரிலிருந்து ஒலி எடுக்கும் ஒவ்வொருவரும், எக்ஸ்போர்ட் செய்யும் முன் ஒரு முறை இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அதாவது மோனோவில், கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒலியின் அளவு பற்றிச் சுருக்கமாக. காதுக்குக் கேட்கும் ஒலியின் மொத்த உரப்பை லஃப்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகும் ஒலியைக் குறைக்கிறது. சின்ன ஒலியை அது உயர்த்தித் தரும் என்று நம்பியிருக்க வேண்டாம். உச்சம் மைனஸ் ஒரு டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எக்ஸ்போர்ட்டுக்குப் பிறகு வரும் கரகரப்பு பெரும்பாலும் நின்றுவிடும். வல்லத்தின் இன்ஜின் உறுமலையும் காற்றின் இரைச்சலையும் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேச்சு தெளியும். ஆனால் வாடைக்காற்று மைக்கில் நேராக மோதிக் கிழித்துவிட்ட ஒலியை எந்த வடிகட்டியும் முழுதாகச் சரிசெய்யாது. மைக்கின் மேல் போடும் ரோமக் கவசத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவான பிட் ரேட்டையும் சொல்ல வேண்டும், நாம் கடலைப் படம் எடுப்பவர்கள் என்பதால். 1080 அளவில் நொடிக்கு 30 பிரேம் வீடியோவுக்கு 8 மெகாபிட் என்று யூடியூப் பரிந்துரைக்கிறது. ஒரு அறையில் உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு அது தாராளம். அலையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகிறது. முந்தைய பிரேமிலிருந்து கடன் வாங்கிச் சுருக்கும் எச்.264 முறைக்கு இதைவிடக் கடினமான காட்சி குறைவு. நுரை சதுரம் சதுரமாக உடைவது அதனால்தான். அலை அதிகம் உள்ள வீடியோவை நான் 16 முதல் 20 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்யச் சொல்வேன். கோப்பு பெரிதாகும், அப்லோடுக்கு நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இடையில் பச்சைக் கோடோ உடைந்த பிரேமோ வந்தால் கணினியின் கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வேகமாகச் சுருக்கும் ஹார்டுவேர் என்கோடிங்கை அணைத்துவிட்டு மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்.

ஏற்றி முடித்ததும் யூடியூபில் முதலில் தெரிவது தரம் குறைந்த பிரதிதான். அதைப் பார்த்துப் பயந்து நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றுபவர்கள் நிறையப் பேர். அமைப்பில் 1080 என்று தெரியும்வரை பொறுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். அப்போதுதான் நீங்கள் செய்த நிறமும் ஒலியும் சுருங்காமல் அப்படியே மறுமுனைக்குப் போகும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.