ஒரு ரயில் தண்ணீர் எத்தனை பேருக்குப் போதும்?

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த ஒரு ரயில் எத்தனை பேருக்குப் போதும்? கமெண்டில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

பின்னணி இரண்டே வரி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் உயிர். 2018-இல் அது ஏமாற்றியது, அடுத்த கோடையில் நான்கும் வறண்டன.

சரி, கணக்குக்கு வருவோம். நகரங்களுக்குக் குடிநீர் திட்டமிடும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். 15 லிட்டர் பிடிக்கும் குடமென்றால் ஒன்பது குடம். 25 லட்சத்தை 135-ஆல் வகுங்கள். சுமார் 18,500 பேர். அதுவும் ஒரே நாளைக்கு!

இந்த ரயிலை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் முழுதாக ஓடினால் தினம் 18 கோடி லிட்டர், அதாவது 72 ரயில். 2024-இல் திறந்த நெம்மேலியின் இரண்டாவது ஆலை, கடல்நீரைக் குடிநீராக்குவது, தினம் 60 ரயில். செய்தியில் சாதாரணமாக ஒரு டிஎம்சி (நூறு கோடி கன அடி) என்கிறார்களே, அது 11,300 ரயிலுக்கும் மேல்!

இப்போது ஊரில் இன்னும் 10 லட்சம் பேர் கூடுகிறார்கள் என்று வையுங்கள். தினமும் 54 ரயில் கூடுதலாக வேண்டும். ஏரி அதற்காகப் பெரிதாகாது, மழையும் கூடாது. ஆனால் ஆள் கூடக் கூடத் தானே கூடுகிற தண்ணீர் ஒன்று உண்டு: கழிவுநீர். வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய பிறகு சாக்கடைக்குப் போகும் என்பதுதான் பொறியாளர்கள் போடும் கணக்கு. 54-இல் 43 ரயில் அங்கேயே ஓடுகிறது!

2019-இலேயே சென்னை இந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 18 ரயில் அளவுக்குச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் உள்ளன. நம் சமையலறையில் மாட்டியிருக்கும் அதே ஆர்.ஓ. முறைதான், அளவுதான் பிரம்மாண்டம். தொழிற்சாலை இதை வாங்கினால் அந்த அளவு நல்ல தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும். கடல்நீரைக் குடிநீராக்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு இருக்கிறது. உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், கை நிறைந்துவிடும். கழிவுநீரில் அதில் சிறு பங்குதான் இருக்கும், மின்சாரமும் குறைவாகவே பிடிக்கும். என்னைக் கேட்டால் அடுத்த பணத்தை முதலில் இங்கேதான் போட வேண்டும்.

சிங்கப்பூரில் இப்படிச் சுத்திகரித்த கழிவுநீருக்குப் புதுநீர் என்று பெயர். வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரித்துக் குடிக்கத் தருகிறார்கள். உங்கள் வீட்டுக் குழாயில் அப்படி வந்தால் குடிப்பீர்களா? அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.