பான்டூன் படகைக் குளிர்காலத்துக்கு மூடும் முன்: தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

வணக்கம் மக்களே. பின்னால் பாருங்கள், பான்டூன் படகு, அதாவது மிதவைக் குழாய்கள் மேல் சப்பையான தளம் போட்ட படகு, கரையேறி டிரெய்லரில் உட்கார்ந்துவிட்டது. இனி ஐஸ் உருகும்வரை அதற்கு வேலை இல்லை, நமக்குத்தான் வேலை. படகையும், அதன் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரையும் குளிர்காலத்துக்கு எப்படி எடுத்து வைப்பது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

நிறையப் பேர் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வெறும் குளிர் அலுமினியத்தை ஒன்றும் செய்யாது, மோட்டாரையும் செய்யாது. உள்ளே தங்கிவிட்ட தண்ணீர்தான் ஆளைக் கவிழ்க்கும். உறையும்போது அது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். பெருக இடமில்லாத மூலையில் மாட்டிக்கொண்டால், கெட்டியான வார்ப்பு உலோகம் என்றாலும் விரிசல் விட்டுவிடும். அதனால் நான் கையில் பெரிய பட்டியல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. படகை ஒரு சுற்று சுற்றி வருவேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: இங்கே தண்ணீர் தங்குமா, தங்கினால் எந்த வழியாக வெளியே போகும்?

கழுவுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். அடியில் இருக்கிற மிதவைக் குழாய்களில் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருக்கிறது பாருங்கள், இது பாசி. கரையேற்றிய அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் தேய்த்தால் பாதி உழைப்பில் போய்விடும். காயவிட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அமிலம் கலந்த கிளீனரைத் தேட வேண்டிவரும். அந்தக் கிளீனரை நான் கடைசி வழியாகத்தான் தொடுவேன். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. ஒரு ஓரத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள், காய்வதற்குள் அலசிவிடுங்கள், இல்லையென்றால் அலுமினியம் திட்டுத்திட்டாக வெளுத்துப்போகும். இன்னொன்று, ஏரியை விட்டுக் கிளம்பும் முன்பே படகிலுள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று பல இடங்களில் சட்டமே இருக்கிறது. பாசியும் சிப்பியும் நம் படகிலேயே அடுத்த ஏரிக்குப் பயணம் போய்விடும், அதற்காகத்தான்.

சரி, குழாய்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது? காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். பின்பக்கம் குனிந்து பாருங்கள். சில படகுகளில் குழாயின் அடியில் ஒரு வடிகால் அடைப்பான் இருக்கும். டிரெய்லரின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அடைப்பானைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இரண்டு சொட்டு வந்தால் பரவாயில்லை. கொட்டோ கொட்டென்று கொட்டினால் வடிந்ததே என்று சந்தோஷப்படாதீர்கள். அது எந்த வழியாக உள்ளே போனது என்று பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பற்றவைப்பு விரிசலாக இருக்கும், இல்லையென்றால் அடைப்பானின் வாஷர் தேய்ந்திருக்கும். உள்ளே குளம் கட்டி நிற்கிற தண்ணீர் உறைந்தால் பற்றவைப்பைப் பிரித்தெடுத்துவிடும். அடைப்பான் இல்லாத குழாய் என்றால், படகு தண்ணீரில் இருக்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்து மிதக்கிறதா என்று கவனித்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநில விவசாயி ஆம்ப்ரோஸ் வீரஸ் 1950-களின் தொடக்கத்தில் இந்த வகைப் படகைக் கட்டியபோது இரும்பு டிரம்களை வரிசையாகப் பற்றவைத்து மேலே பலகை போட்டார். இப்போதும் நல்ல குழாய்களுக்கு உள்ளே தடுப்புச் சுவர் வைத்துத் தனித்தனி அறைகளாகத்தான் பிரிக்கிறார்கள். ஒரு அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்கும். ஆனால் அதே காரணத்தால் நடு அறையில் தண்ணீர் இருந்தால் பின்பக்க அடைப்பானில் தெரியாது. உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள், தண்ணீர் இருக்கிற இடத்தில் சத்தம் மந்தமாக மாறும்.

இப்போது மோட்டார். இங்கேதான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்ரோல், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மோட்டார் பெட்ரோலை உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். பிரிந்துபோன பெட்ரோலை எந்த மருந்து ஊற்றியும் திரும்பச் சேர்க்க முடியாது. பெட்ரோல் கெடாமல் வைக்கிற ஸ்டெபிலைசரைப் புதுப் பெட்ரோலில் ஊற்றினால்தான் பலன். டப்பாவில் சொன்ன அளவு ஊற்றுங்கள், பிறகு டேங்கை நிரப்புங்கள். விளிம்புவரை வேண்டாம், பெட்ரோல் விரிய கொஞ்சம் இடம் விடுங்கள். காலி டேங்க்தான் நல்லது என்கிறவர்களும் உண்டு. கையில் தூக்குகிற சின்ன டேங்க் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். படகோடு பொருத்திய டேங்கைச் சுத்தமாகக் காலி செய்ய முடியாது, பாதி டேங்கில் காற்றுதான் நிறைய இருக்கும், அந்தக் காற்றோடு ஈரமும் வரும். தண்ணீர் பிரிக்கிற ஃபில்டரை இப்போதே மாற்றிவிடுங்கள். பழையதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கவிழ்த்து வைத்தால் அடியில் தண்ணீர் குமிழ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். காதில் மாட்டுகிற ஹெட்ஃபோன் மாதிரி இருக்கிறதே, இதற்குப் பெயரே இயர்மஃப். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மேல் இரண்டு பக்கமும் இதைப் பொருத்தி, முதலில் குழாயைத் திறந்துவிட்டுப் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். உள்ளே இம்பெல்லர் என்கிற ரப்பர் சக்கரம் இருக்கிறது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சில நொடிகளிலேயே கருக ஆரம்பிக்கும். நியூட்ரலில் வைத்து, ப்ரொப்பல்லர் பக்கம் யாரையும் நிற்கவிடாமல், பத்து நிமிடம் ஓட்டுங்கள். அதற்குள் ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோல் உள்ளேவரை போய்விடும், மண்ணும் உப்பும் வெளியே வந்துவிடும். பக்கத்திலிருந்து பீய்ச்சுகிற இந்தச் சின்னத் தண்ணீர் தாரையைப் பாருங்கள். பலவீனமாக வந்தால் இம்பெல்லரை மாற்றும் நேரம் வந்துவிட்டதோ என்று சந்தேகப்படலாம். சில நேரம் அந்தத் துளையில் குப்பை அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்.

கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடலாமா என்று கேட்பீர்கள். கார்புரேட்டர் இருக்கிற சின்ன மோட்டார் என்றால் சரி, கிண்ணத்தில் பெட்ரோல் தங்கிப் பிசினாகாது. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மோட்டாருக்கு அது வேண்டாம், பம்புக்கு நல்லதில்லை. ஃபாகிங் ஆயிலும் அப்படித்தான். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அடித்து, கையால் மெதுவாகச் சுற்றிவிட்டால் உள்சுவர் துருப்பிடிக்காது. புது மோட்டார்களில் ஒவ்வொரு தயாரிப்பாளர் ஒவ்வொரு முறை சொல்கிறார், இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பாதீர்கள், மோட்டாரோடு வந்த கையேட்டை நம்புங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலைச் சூடு ஆறுவதற்குள் இப்போதே மாற்றுங்கள். அடுத்த சீசன் தொடக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் உண்டு. ஓடின ஆயிலில் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும், குளிர்காலம் முழுக்க அது பேரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

கேமராவைக் கீழே இறக்குகிறேன், இந்த வீடியோவிலேயே முக்கியமான இடம் இது. கியர் ஆயில். மோட்டார் நேராக நிற்கிறது. அடியில் ஒரு ஸ்க்ரூ, மேலே ஒரு ஸ்க்ரூ. சில பழைய மாடல்களில் அடி ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரத் தலையோடு இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், கியர் மாற்றுகிற பாகத்தை உள்ளே பிடித்திருப்பது அது. தட்டை வைத்துவிட்டு அடி ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புகிறேன். முதல் சொட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், ராத்திரி முழுக்க அசையாமல் நின்ற மோட்டாரில் அது அடியில் இறங்கியிருக்கும், முதலில் வெளியே வருவதும் அதுதான். இதோ வருகிறது. கறுப்பாக, கெட்டியாக, நூல் மாதிரி இறங்குகிறது. நல்லது. இதுவே பால் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, தண்ணீர் உள்ளே நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் அந்தத் தண்ணீர் உறைந்து கியர் பெட்டியையே உடைத்துவிடும். ஸ்க்ரூவின் நுனியைப் பாருங்கள், காந்தம். சாம்பல் நிறக் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, இது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற அளவுக்குத் துணுக்கு இருந்தால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

மேல் ஸ்க்ரூவையும் திறந்தால் மீதி சரசரவென்று வடிந்துவிடும். புது ஆயிலை மேலேயிருந்து ஊற்றக் கூடாது, நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். அடித் துளையில் பம்பை மாட்டி, மேல் துளையில் குமிழே இல்லாமல் வழிகிறவரை ஏற்றுங்கள். பிறகு மேல் ஸ்க்ரூவை முதலில் மூடுங்கள். அப்புறம் பம்பை எடுத்துவிட்டுச் சட்டென்று அடி ஸ்க்ரூவைப் போடுங்கள். மேலே மூடியிருப்பதால் ஆயில் அவ்வளவாக இறங்காது. இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர் போடுங்கள். ஒரு சின்ன வாஷருக்குக் கஞ்சத்தனம் பார்த்து கியர் பெட்டியைப் பணயம் வைக்க வேண்டாம்.

ப்ரொப்பல்லரையும் கழற்றிவிடுங்கள். தண்டைச் சுற்றி மீன்பிடி நரம்பு சிக்கியிருக்கிறதா? வெளியே ஒன்றும் தெரியாது, கழற்றினால்தான் தெரியும். அந்த நரம்புதான் சீலை அறுத்துத் தண்ணீருக்கு வழி விடுவது. தண்டில் கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள், வளைத்த பின்னை மட்டும் புதிதாகப் போடுங்கள். மோட்டாரின் உலோகம் அரிக்காமல் தான் கரைந்து காக்கிற உலோகக் கட்டிதான் அனோடு, அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கடல் தண்ணீருக்குத் துத்தநாகம், ஏரித் தண்ணீருக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் அலுமினியம் ஒத்துவரும்.

வேலை முடிந்ததும் மோட்டாரை நேராக, கீழே இறக்கியே நிறுத்துங்கள். தூக்கி வைத்தால் பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் வடியாது. ப்ரொப்பல்லரின் நடுத் துளை மேலே பார்த்து நின்றால் மழையும் பனியும் அதில் இறங்கி உறையும். டிரெய்லரில் உயரம் போதவில்லை என்றால் அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். மீன் தொட்டியோ கை கழுவும் தொட்டியோ இருந்தால் அதன் குழாய்களையும் வடியுங்கள். முழுதாக வடியாத இடத்தில் இளஞ்சிவப்பாக வரும் ப்ராப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றலாம். காருக்குப் போடுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம், அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

பேட்டரி விஷயமும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. ஈய அமில பேட்டரி இறங்க இறங்க, உள்ளே அமிலத்தின் செறிவு குறைந்து தண்ணீர் பக்கம் நெருங்கிவிடும். சார்ஜ் முழுக்க இருந்தால் மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. சுத்தமாக இறங்கியிருந்தால் மைனஸ் 10-க்கு முன்னாலேயே உறைந்து பெட்டி பிளந்துவிடலாம். நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து முழு சார்ஜ் ஏற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் மறுபடி ஏற்றுங்கள். கான்கிரீட் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், அது செல்லைக் கெடுக்கும்.

இனி மூடுவது. பான்டூன் தளம் சப்பை, அதுதான் தொல்லை. மேலே தார்ப்பாய் விரித்தால் நடுவில் தொய்ந்து மழைநீர் தேங்கும், பனி ஏறும், அந்தக் கனத்தில் கைப்பிடிக் கம்பிகளே வளைந்துவிடும். அதனால் உள்ளே நடுவில் கம்பங்கள் நிறுத்தி, வீட்டுக் கூரை மாதிரி சரிவு கொடுங்கள். இரண்டு முனையிலும் காற்று போக வழி விடுங்கள், காற்றே புகாமல் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மெத்தைகளைக் கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். முடியாவிட்டால் இருக்கை மூடிகளைத் திறந்து வையுங்கள். இருட்டான, கதகதப்பான பஞ்சு மூலை கிடைத்தால் எலி அங்கே குடித்தனமே நடத்தும். வாசனைத் துணி, உருண்டை எல்லாம் சொல்வார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. துளைகளை அடைப்பதும் ஒரு துணுக்குத் தின்பண்டம்கூட விட்டுவைக்காததும்தான் வேலை செய்கிறது.

கழற்றிய வடிகால் அடைப்பான்களை ஒரு பையில் போட்டு, சாவியோடு சேர்த்து ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அடைப்பான் போடாமல் யாரும் படகை இறக்கிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கீழே கமெண்டில் கேளுங்கள். கேட்கும்போது மோட்டார் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா, எந்த வருட மாடல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் நான் என்ன சொன்னாலும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.