எட்டு மணி நேரம் ஒரே கட்டடம்! கேமராவுக்குப் பின்னாடி நின்ன ஜோனஸ் மேகஸ் யார்?

எட்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு கட்டடம். சத்தம் கிடையாது, கேமரா அசையவே அசையாது. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலோட ‘எம்பயர்’ படம்தான் அது. 1964 ஜூலை மாசம், நியூயார்க் டைம்-லைஃப் கட்டடத்துல ராத்திரி ஷூட்டிங். ஜன்னலுக்கு வெளியே எம்பயர் ஸ்டேட் பில்டிங். கேமராவுக்குப் பின்னாடி ஜோனஸ் மேகஸ்.

மேகஸ் சொந்தமா எடுத்த படங்களைப் பார்த்தவங்களுக்கு இது பெரிய ஆச்சரியம். அவரோட போலெக்ஸ் கேமராவுக்குச் சாவி கொடுக்கணும். ஒரு தடவை முறுக்கினா அரை நிமிஷம் ஓடும், அவ்வளவுதான். தன் வாழ்க்கையையே டைரி மாதிரிப் பதிஞ்ச அவரோட படங்கள் எல்லாமே சட்டு சட்டுனு தெறிச்சு ஓடுற துண்டுகள். அப்படிப்பட்ட மனுஷன், நண்பனோட படத்துக்காக ராத்திரி மணிக்கணக்கா ஒரே ஷாட்டுல நிக்கிறார்! ரீல் மாத்தும்போது சில இடத்துல ரூம் லைட்டை அணைக்கிறதுக்குள்ள கேமரா ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஜன்னல் கண்ணாடியில வார்ஹோல் முகமும் மேகஸ் முகமும் ஒரு நொடி வந்து போகும். எனக்கு அந்தப் படத்துலயே பிடிச்ச இடம் அதுதான்.

சுருக்கமா பின்னணி: 1922-ல லிதுவேனியாவுல பிறந்தவர், போர்ல அகதியாகி 1949-ல நியூயார்க் வந்தார்.

1962-ல நண்பர்களோட சேர்ந்து, படங்களை வாடகைக்கு விடுற ‘ஃபிலிம்-மேக்கர்ஸ் கோஆப்பரேட்டிவ்’ங்கிற கூட்டுறவு அமைப்பை ஆரம்பிச்சார். இங்கதான் விஷயமே இருக்கு. தேர்வுக் குழுன்னு ஒண்ணு கிடையாது. நீங்க படம் எடுத்துட்டு வந்தா பட்டியல்ல சேர்த்துக்குவாங்க. உரிமை உங்களுக்கே. வாடகைப் பணத்துல பெரும்பங்கும் உங்களுக்கே. ஆபீஸ் எங்கே தெரியுமா? மேகஸ் குடியிருந்த இடமே! படச்சுருள் டப்பா இடத்தை அடைச்சுக்கிச்சு, அவர் எடிட்டிங் மேஜைக்கு அடியில படுத்துத் தூங்கினார். புதுசா வர்ற கலைஞனை ஆதரிக்கிறதுன்னா இதைவிட என்னங்க செய்ய முடியும்? பாராட்டிப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க, இடம் கொடுக்கத்தான் ஆள் வேணும்.

‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில 1958-லேர்ந்து பத்தி எழுதி, யாரும் கேள்விப்படாத படங்களைப் பத்தி வாராவாரம் பேசினார். எழுதினதோட நிக்கலை. ஜாக் ஸ்மித்தோட ‘ஃப்ளேமிங் கிரீச்சர்ஸ்’ படத்தைத் திரையிட்டதுக்காக 1964-ல, ‘எம்பயர்’ எடுக்கிறதுக்குச் சில மாசம் முன்னாடி, கைதும் ஆனார். ஆபாசப் படம்னு வழக்கு.

இப்ப இதைக் கேளுங்க. 1970-ல அவரும் நண்பர்களும் ‘ஆன்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ்’ங்கிற படக் காப்பகத்தைத் தொடங்கினாங்க. 1979-ல அதுக்குன்னு ஒரு கட்டடம் வாங்கினாங்க. அது பழைய நீதிமன்றம்! படம் காட்டினதுக்காகக் கோர்ட் ஏறின மனுஷன், ஒரு கோர்ட்டையே தியேட்டர் ஆக்கிட்டார். 2019-ல அவர் 96 வயசுல காலமானார், அங்க இன்னும் படம் ஓடிட்டிருக்கு.

உங்க நண்பர் யாராவது படம் எடுத்திருந்தா, லிங்க்கை கமெண்ட்ல போடுங்க. முதல் படமா இருந்தா கண்டிப்பா போடுங்க, நான் பார்க்கிறேன்.