செவி வாயாக, நெஞ்சு களனாக

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். முதுகலை வகுப்பில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். விரிவுரையைக் கேட்பது எப்படி என்பதுதான் அது.

போன ஆடி மாதம். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தாவரவியல் முதலாண்டு வகுப்பு, பாடம் சோலைக்காடு. நம் மலையில் பள்ளத்தில் சோலை என்னும் அடர்ந்த பசுமைக்காடும் மேட்டில் புல்வெளியும் இருக்கின்றன. சோலை ஏன் மேலேறி வருவதில்லை? திறந்தவெளி உறைபனியில் சோலை மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால், மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும்தான் காடு அழிந்து புல்லாகக் காரணம் என்பாரும் உண்டு. சதுப்புகளின் அடிமண்ணை ஆராய்ந்தபோதோ, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரியவந்தது.

வகுப்பு முடிந்ததும், கூடலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. உறைபனி பற்றி நான் சொன்னது ஒரு சொல் விடாமல் இருந்தது. 'ஆனால்' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வெற்றிடம். "முன்னாடி சொன்னதை எழுதிட்டே இருந்தேன் மேடம், அது விட்டுப்போச்சு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை. கை ஓடிய வேகத்தில் காது பின்தங்கிவிட்டது. நான் படித்த காலத்திலும் இப்படித்தான் நோட்டு நோட்டாக எழுதி, பரீட்சைக்கு முன்தினம் ஒன்றும் புரியாமல் அழுதிருக்கிறேன்.

ஆசிரியர் 'ஆனால்' என்றால் பேனாவைக் கீழே வையுங்கள். 'இதற்கு இரண்டு காரணம்' என்றால் ஓரத்தில் 1, 2 என்று போட்டு இடம் விடுங்கள். இரண்டாவது விட்டுப்போனால் அந்த வெற்றிடமே காட்டிக்கொடுக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு மற்றதைத் தமிழிலேயே எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புரிந்தால்தானே உங்கள் மொழியில் சொல்ல முடியும்? மழை இரைச்சலில் கேட்கவில்லையா, கையைத் தூக்குங்கள். நிறுத்திவிட்டுத் திரும்பச் சொல்வது எங்கள் கடமை.

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் பாடம் கேட்கும் முறைக்கே சூத்திரம் எழுதி வைத்தார். 'செவி வாயாக, நெஞ்சு களனாக' என்கிறார். காதால் பருகி நெஞ்சில் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கைக்கு வருவது கால்பங்குதானாம். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது.

இதை அந்த மாணவியிடம் சொன்னேன். அவளும் அதே பஸ்ஸில் போகும் தோழியும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பைக்காரா வரும்வரை ஒருத்தி நோட்டைத் திறக்காமல் அன்றைய பாடத்தைச் சொல்வாள். நடுவட்டம்வரை மற்றவள் குறுக்குக் கேள்வி கேட்பாள்.

மார்கழியில் ஒருநாள் காலை, புல்லெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது. வகுப்புக்குள் நுழைந்ததுமே அவள் எழுந்தாள். "உறைபனி கன்றைக் கருக்கும்னா, வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம், அதான் வாட்டில், அது மட்டும் புல்வெளியில எப்படிப் பரவுது மேடம்?"

அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டோம். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

வணக்கம்.