அழித்த படம் எங்கே போகிறது?

வணக்கம். நான் செல்போன் பழுதுபார்க்கிறவன். பதினெட்டு வருடமாக ஒரே கடையில் உட்கார்ந்திருப்பதால், உள்ளே நுழைகிறவரின் நடையைப் பார்த்தே வந்த காரணத்தைச் சொல்லிவிடுவேன். திரை உடைந்தவர் எரிச்சலோடு வருவார், சார்ஜ் ஏறாதவர் அவசரமாக வருவார். படம் அழிந்துபோனவர் மட்டும் ஓரமாக நின்று, மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, அப்புறம் தணிந்த குரலில் "அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்பார். கேட்கப் போவது என்ன என்று எனக்குத் தெரியும், நான் சொல்லப் போகும் பதில் அவருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும். அந்தப் பதிலை இன்றைக்கு வானொலியில் கொஞ்சம் விரிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. அழிந்துபோய்விட்டது என்று கொண்டுவருகிற படங்களில் பாதிக்கு மேல் அழிந்தே இருக்காது. கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை நீக்கினால் அது உடனே போவதில்லை, குப்பைக்கூடைக்குத்தான் போகிறது. கூகுள் கணக்கில் ஏற்கெனவே நகல் ஏறிய படமாக இருந்தால் அங்கே 60 நாள் கிடக்கும், ஏறாத படம் 30 நாள் கிடக்கும். சாம்சங் கேலரியில் 30 நாள். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலீட்டட்' என்று ஒரு ஆல்பம் இருக்கிறது, அதிலும் 30 நாள். கோப்புகளைப் பார்க்கிற செயலிக்கும் தனியாக ஒரு கூடை உண்டு, கூகுள் டிரைவுக்கும் உண்டு, தொடர்பு எண்களுக்குக்கூட உண்டு. ஆக ஒரு போனில் நாலைந்து குப்பைக்கூடைகள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் தெரியாது. கேலரியின் கூடையைப் பார்த்துவிட்டு "இல்லையே" என்று அழுதுகொண்டு வந்த ஒருவருக்கு கூகுள் போட்டோஸின் கூடையைத் திறந்து காட்டினேன், மொத்தக் கல்யாணமும் அதற்குள் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கூலி வாங்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். படம் பத்திரமாக இருக்கும், கேலரியில் மட்டும் தெரியாது. ஒரு கோப்புறைக்குள் 'டாட் நோமீடியா' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருந்தால், அதற்குள் இருக்கும் படங்களைக் கேலரி காட்டக்கூடாது என்று ஆண்ட்ராய்டில் ஒரு ஏற்பாடு. ஏதோ ஒரு செயலி போகிற போக்கில் அந்தக் கோப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். அதை எடுத்துவிட்டால் படங்கள் திரும்ப வந்துவிடும்.

சரி, கூடையையும் காலி செய்துவிட்டோம், அப்புறம்? இங்கேதான் பலர் பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்திய ஒரு நம்பிக்கையோடு வருகிறார்கள். "கம்ப்யூட்டர்ல அழிச்சாலும் எடுக்கலாமாமே, போலீஸ்ல எல்லாம் எடுக்கிறாங்களே" என்று கேட்பார்கள். அது ஒரு காலத்தில் உண்மை, சில இடங்களில் இன்றும் உண்மை. பழைய ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பை அழிப்பது வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயரை அடித்துவிடுவது போல. பட்டியலில் பெயர் இல்லை, ஆள் வீட்டில் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டுக்கு வேறொருவர் குடிவரும் வரைக்கும், தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டினால் ஆளைப் பிடித்துவிடலாம். கோப்பு மீட்கிற மென்பொருள்கள் செய்வது அந்தக் கதவு தட்டுகிற வேலைதான்.

போனில் அது நடக்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. அதில் எழுதின இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது, ஒரு பெரிய கட்டத்தை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். அதனால் போன் சும்மா கிடக்கிற நேரத்தில், அதாவது நீங்கள் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில், "இந்த இந்த இடம் இனிமேல் தேவையில்லை" என்று சிப்புக்குச் சொல்லிவிடும், சிப் தன் வசதிப்படி அவற்றைத் துடைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் இந்த ஏற்பாடு 2013-இல், 4.3 பதிப்பில் வந்தது. நம் உதாரணத்தில் சொன்னால், பட்டியலில் பெயர் அடித்த வீட்டை ராத்திரியோடு ராத்திரியாக இடித்துத் தள்ளிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து, புதிதாக அந்தப் பதிப்போடு வருகிற போன்களில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டித்தான் வைக்கப்படுகிறது. ஐபோனில் இது இன்னும் பழைய ஏற்பாடு. கோப்பை அழித்தால் அந்தப் பூட்டைத் திறப்பதற்கு வேண்டிய குறிப்பும் சேர்ந்து போய்விடுகிறது. சிப்பையே கழற்றி எடுத்துப் படித்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். நான் கற்றுக்கொண்ட காலத்தில் செத்துப்போன போனிலிருந்து சிப்பைப் பெயர்த்து எடுத்துத் தகவல் எடுப்பது ஒரு பெரிய வித்தை, அதைக் கற்றுக்கொள்ள ஆட்கள் வெளியூருக்கெல்லாம் போனார்கள். புதிய போன்களில் அந்த வித்தைக்கு வேலை இல்லை. போர்டைச் சரிசெய்து போனையே உயிர்ப்பித்து, உரிமையாளரின் பின் நம்பரைப் போட்டுத் திறந்தால்தான் உண்டு. அதுவும் அழிக்காத கோப்புகளுக்கு.

இப்போது 'ரெக்கவரி ஆப்' என்று பிளே ஸ்டோரில் கிடைக்கிற சமாச்சாரத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவினால் போன் முழுவதையும் தேடுவதாக ஒரு சக்கரம் சுற்றும், "4,000 படங்கள் கிடைத்தன" என்று காட்டும், நமக்குக் கண் கலங்கிவிடும். அந்த நாலாயிரத்தில் முக்கால்வாசி, அழியாமல் உங்கள் போனிலேயே இருக்கிற படங்கள். மிச்சம், கேலரி வேகமாகக் காட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருக்கும் தபால்தலை அளவுச் சின்னப் படங்கள். அழிந்த படத்தின் சின்னப் படம் அதில் அகப்பட்டிருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், ஆனால் அதைப் பெரிதாக்கினால் முகத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இதற்குப் பணம் கட்டச் சொல்லுவார்கள். பணத்தைவிட மோசம், போனில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் பார்க்கிற அனுமதியை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருப்பீர்கள். யூடியூப்பைப் பார்த்து "போனை ரூட் பண்ணினால் எடுக்கலாம்" என்று வருகிறவர்களும் உண்டு. ரூட் என்றால் போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பது. அதற்கு முதலில் பூட்லோடரை, அதாவது போனைத் தொடங்கிவைக்கிற மென்பொருளின் பூட்டை, திறக்க வேண்டும், பெரும்பாலான போன்களில் அதைத் திறந்தவுடன் மொத்தப் போனும் துடைக்கப்பட்டுவிடும். தொலைந்த மோதிரத்தைத் தேட வீட்டைக் கொளுத்துகிற கதை.

கம்ப்யூட்டரில் போனைச் செருகி, அங்கே ஒரு மீட்பு மென்பொருளை ஓட்டுவதும் ஆகாது. 2011-இல் ஆண்ட்ராய்டு 3.0 வந்தபோதே போன் கம்ப்யூட்டரிடம் பேசுகிற முறை மாறத் தொடங்கிவிட்டது. கேட்கிற கோப்பை எடுத்துக் கொடுக்குமே தவிர, உள்ளே இருக்கிற கிடங்கை நேராகத் திறந்து காட்டாது. கிடங்கு தெரியாமல் மென்பொருள் எந்தக் கதவைத் தட்டும்?

மெமரி கார்டு மட்டும் வேறு ஜாதி. போனில் செருகுகிற சின்ன எஸ்டி கார்டு பெரும்பாலும் பூட்டில்லாமல், பழைய முறையிலேயேதான் இருக்கிறது. அதில் இருந்த படம் அழிந்தாலோ, தெரியாமல் ஃபார்மேட் போட்டுவிட்டாலோகூட நம்பிக்கை உண்டு. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த நிமிடமே கார்டைக் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு படம்கூட அதில் எடுக்காதீர்கள். கார்டு ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டலாம். கார்டின் பட்டியல் கெட்டுப்போயிருந்தாலும் அதற்குக் கவலை இல்லை, ஒரு ஜேபெக் படம் இப்படித்தான் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு கார்டு முழுவதையும் மோப்பம் பிடிக்கும். கோப்பின் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும். மீட்கிற படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அதே கார்டில் போட்டு, மீட்ட படத்தைக் கொண்டே மீட்க வேண்டிய படத்தை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் நான்தான், தொழிலுக்கு வந்த புதிதில்.

வாட்ஸ்அப்பைச் சொல்லாமல் போனால் என்னை விடமாட்டீர்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தினமும் இரவு 2 மணிக்கு உங்கள் உரையாடல்களின் நகல் ஒன்றைப் போனுக்குள்ளேயே எடுத்து வைக்கிறது, கடைசி ஏழு நாட்களின் நகல்கள் வரை இருக்கும். கூகுள் கணக்கில் ஏறுகிற நகல் இது இல்லை, அது தனி. அங்கே புதியது ஏறினால் பழையது போய்விடும், போனில் இருப்பது அப்படி இல்லை. ஒரு தங்கச்சி, இடம் போதவில்லை என்று எதையோ காலி செய்யப்போய், இறந்துபோன அப்பாவின் உரையாடலை மொத்தமாக அழித்துவிட்டார். ஐந்து நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஆறாவது நாள் வந்தார். அவருக்கு வேண்டியது எழுத்து இல்லை, "சாப்பிட்டியாம்மா" என்று அப்பா கேட்கிற பதினைந்து நொடிக் குரல் பதிவு. அழிக்கும்போது "மீடியாவையும் சேர்த்து அழிக்கவா" என்று கேட்டிருக்கும், அந்த டிக்கை அவர் எடுத்துவிட்டிருந்தார், அதுதான் காப்பாற்றியது. முதல் வேலையாக வாட்ஸ்அப்பின் கோப்புறை முழுவதையும் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் செயலியை நீக்கக் கூடாது. 'வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது, அதற்குள் வருடமும் வாரமுமாகப் பிரித்து வைத்திருக்கும், குரல் பதிவுகளைக் கேலரி காட்டாது என்பதால் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. குரல் கிடைத்துவிட்டது. உரையாடலும் வேண்டும் என்றார். அழிப்பதற்கு முந்தைய இரவின் நகல், ஏழு நாள் கணக்கில் இன்னும் விழாமல் இருந்தது. அந்தக் கோப்பின் பெயரிலிருந்து தேதியை எடுத்துவிட்டு, செயலியைத் திரும்ப நிறுவி, அதிலிருந்து மீட்டோம். அந்த இரவுக்குப் பிறகு வந்த செய்திகள் எல்லாம் போய்விடும் என்று முன்பே சொன்னேன். "போகட்டும்ணே" என்றார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் குரல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நகல் என்கிற விஷயத்தில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் படம் ஏறிவிட்டது, இனி போனில் அழிக்கலாம் என்று அதே செயலியில் போய் அழிக்கிறார்கள். அப்படி அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். அது நகல் வைக்கிற பெட்டி மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றாகவே தெரிகிற கண்ணாடி. போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதிலேயே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் தொட வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அங்கே வரம்பில்லாமல் இலவசமாகப் போடுகிற வசதியும் இல்லை, மின்னஞ்சல், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அது நிரம்பினால் படங்கள் ஏறுவது நின்றுவிடும், எச்சரிக்கை வந்தாலும் பலர் கவனிப்பதில்லை. வருகிறவரின் போனைக் கையில் வாங்கியவுடன் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்: கடைசியாக ஏறிய படம் எந்தத் தேதி? எட்டு மாதத்துக்கு முந்திய தேதியாக இருந்தால், முகத்தை வைத்துக்கொள்ளவே சங்கடமாக இருக்கும்.

இறந்தவர்களின் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்தது. அப்பாவின் போனை அணைத்து பீரோவில் வைத்திருக்கிறோம், படங்கள் எல்லாம் கணக்கில் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இந்த வாரம் அதை எடுத்துச் சார்ஜ் போட்டுத் திறந்து, படங்களைக் கீழே இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, போனை விற்கிறவர்களுக்கு. "அழிச்சதை எல்லாம் வாங்கினவன் எடுத்துடுவானோ" என்று பயப்படுகிறார்கள், பெண்கள் ரொம்பவே பயப்படுகிறார்கள். இதுவரைக்கும் உங்களை அழவைத்த அதே பூட்டு இங்கே உங்களுக்குக் காவல். பூட்டோடு வருகிற புதிய போனில் கணக்குகளை வெளியேற்றிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட் போட்டால் சாவிகள் போய்விடும், வாங்கினவருக்கும் ஒன்றும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது. பலர் மறப்பது கார்டைத்தான். போனை ரீசெட் போட்டுவிட்டு, பூட்டில்லாத மெமரி கார்டை உள்ளேயே விட்டுவிட்டு விற்றுவிடுகிறார்கள்.

என் மேஜை இழுப்பறையில் அப்படி வந்த கார்டுகள் பதினொன்று இருக்கின்றன, பழைய போன்களோடு வந்தவை. யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் திறந்து பார்க்க வேண்டும், திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றையும் தாளில் மடித்து, எந்தப் போனில் இருந்தது, எந்த மாதம் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் போனைக் கொடுத்த ஞாபகம் இருக்கிறவர்கள் வந்து கேளுங்கள், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இரவு எட்டரை வரை கடை திறந்திருக்கும்.